மூன்றாவது புகார்

"...அதைப் போயி வாயைத் தொறந்து சொல்லுவாங்களாம்மா? மலையைச் சுத்துற ரோட்டுல ஒருத்தங்களை வண்டியில ஏத்திக்கினு, மலையைச் சுத்தப் போறேன்னு சொல்றது, இட்லி கேட்டவங்க தட்டுல இட்லியை வச்சிட்டு, இதுதாங்க இட்லின்னு சொல்ற மாதிரி இல்ல?"

ஆட்டோ அக்கா இதைச் சொல்லும்போது அவர் கையில் ஈரத்துணி இருந்தது. அடி அண்ணாமலையில் அவர் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி தாண்டியிருந்தது. எதிரே நான், ஒரு தாளை வைத்துக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கி நின்றிருந்தேன்.

"அந்த ஜப்பான்காரங்க சுத்தறதுக்கு ஏறலக்கா. கோயிலுக்குப் போய்ட்டு லாட்ஜுக்குத் திரும்பி வரத்தான் ஏறுனாங்க" என்றேன்.

"ரெண்டும் வேற வேறயா?"

எனக்கு அந்த இட்லி வாக்கியம் பிடித்துப்போனது. பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன். அக்கா துணியை வாளிக்குள் எறிந்தார்.

"நான் இங்க வயிறெரிஞ்சி பேசிக்கினு இருக்கேன், நீ எழுதிக்கினு இருக்க!"

என்ன செய்வது, அது என் பழக்கம். பள்ளிக்கூட நாளிலிருந்தே யார் எதையாவது நன்றாகச் சொல்லிவிட்டால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுவேன். காய்கறிக்காரர், கண்டக்டர், எங்கள் வேங்கிக்கால் வீட்டுக்குக் குழாய் சரிசெய்ய வந்தவர், எல்லாரும் அதில் இருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தைத் தவிர வேறு ஆராய்ச்சி எதையும் நான் செய்ததில்லை. ஆனால் அந்த வருடம் எனக்குக் கிடைத்த பயிற்சி வேலையின் பெயரே ஆராய்ச்சிதான்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் எம்.பி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஜப்பானில் ஒரு நிறுவனம், வெளிநாட்டுப் பயணிகளுக்காக ஒரு செயலி நடத்துகிறது. அறை, வண்டி, கோயில் நேரம், எல்லாம் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஜப்பானிய மொழி பேசத் தெரிந்த முதுகலை மாணவர்களுக்கு இரண்டு மாதப் பயிற்சி என்று அவர்கள் அறிவித்திருந்தார்கள். ஜப்பானியப் பயணிகளோடு கூடவே இருந்து, அவர்கள் செயலியில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து எழுதவேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த மொழியை நான் எந்த வகுப்பிலும் உட்கார்ந்து கற்கவில்லை. செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் மூன்று வருடம் மாலை நேரத்தில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே மாதக்கணக்கில் வந்து தங்கும் ஜப்பானியர்கள் உண்டு. நான் ஒரு தமிழ் வார்த்தை கொடுப்பேன், அவர்கள் பதிலுக்கு ஒன்று கொடுப்பார்கள். எழுத்தைப் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். தேர்வு நேர்காணலில், டோக்கியோவிலிருந்து திரையில் தெரிந்த அம்மையார் ஒருவர், என்னை இரண்டு நிமிடம் பேசவிட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"மன்னிக்கவேண்டும். உங்கள் பேச்சு அப்படியே என் பெரியம்மா பேச்சு போல இருக்கிறது."

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். வேறு எப்படி இருக்கும்? ஆனால் அந்தப் பெரியம்மா பேச்சுக்காகவே என்னை எடுத்துக்கொண்டார் என்று பின்னால் சொன்னார். அவர்தான் எனக்கு வழிகாட்டி.

முதல் வாரம் ஆறு பயணிகளிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். வழிகாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு வரி எழுதினார்: "நாற்பது நிமிடப் பேட்டியில் இருபத்தொன்பது நிமிடம் நீங்களே பேசியிருக்கிறீர்கள். மிகவும் ரசித்தேன். ஆனால் நமக்குத் தேவை பயணியின் பேச்சு."

அடுத்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு போட்டார். பயணியோடு வண்டியில் கூடவே போகவேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. எதையும் விளக்கக் கூடாது. பயணியே ஏதாவது கேட்டால், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் திருப்பிக் கேட்கலாம். நாம் உதவி செய்துவிட்டால், நாம் இல்லாதபோது அவர் என்ன செய்வார் என்பது தெரியாமல் போய்விடும், அதுதான் காரணம்.

வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"பேசாம இருக்கறதுக்கு உனக்குக் காசு குடுக்கறாங்களா?" அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "இத்தினி வருஷமா எங்களுக்குத் தோணாமப் போச்சே!"

பார்க்கவேண்டிய விஷயத்தையும் வழிகாட்டியே குறித்துக் கொடுத்திருந்தார். செயலியில் ஜப்பானியப் பயணிகளுக்கென்று எங்கள் ஊர் ஆட்டோக்காரர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ஒருவர் மேல் அந்த மாதம் இரண்டு புகார். இரண்டிலும் காரணம் ஒன்றே: "வழி மாறிச் சென்றார்." மூன்றாவது வந்தால் அவர் பெயர் பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிடும். ஆனால் புகார் செய்த இருவரும் கீழே, "மிகவும் அன்பானவர்" என்று எழுதியிருந்தார்கள். அன்பானவர் ஏன் வழி மாறுகிறார்? இதுதான் கேள்வி.

அந்த அன்பானவர்தான் ஆட்டோ அக்கா. லாட்ஜ் நாட்களிலிருந்தே எனக்குத் தெரிந்தவர். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, நெற்றி நிறையக் குங்குமம், ஹாரனை விடச் சத்தமான குரல். புகாரைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்டார்:

"வழி மாறுனேனா? இந்த மலைக்கு இருக்கறதே ஒரு வழிதான். அதுல எங்கம்மா மாறுறது?"

அவருடைய சட்டம் எளிமையானது. செங்கம் ரோட்டில் கிளம்பி மலையை வலது பக்கம் வைத்துக்கொண்டு அடி அண்ணாமலைக் கோயிலுக்கு வந்தால், ஏறக்குறைய பாதிச் சுற்று முடிந்துவிடுகிறது. அங்கிருந்து வந்த வழியே திரும்பினால் பன்னிரண்டு நிமிடத்தில் லாட்ஜ். செயலியின் நீலக்கோடும் அப்படித்தான் காட்டும். அக்கா திரும்பமாட்டார். நேரே வாயுலிங்கம், குபேரலிங்கம், ஊருக்குள் நெரிசல் எல்லாம் தாண்டி, முழுச் சுற்றையும் முடித்துத்தான் இறக்கிவிடுவார். முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு பைசா கூடுதலாகக் கேட்கமாட்டார்.

"பாதியில திருப்பறது, மூணு முடிச்சுல ஒண்ணைப் போட்டுட்டு எழுந்து போற மாதிரி. வண்டிக்குப் போடற கேஸ் என்னுது, புண்ணியம் அவங்களுது. இதுல யாருக்கு இன்னா நஷ்டம்?"

"பட்டியல்ல இருந்து எடுத்துட்டா உங்களுக்குத்தான்க்கா நஷ்டம்."

அக்கா ஆட்டோ ஸ்டாண்டில் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும், ஆனால் அன்றைக்குக் கிரிவலப் பாதையில் ஆட்டோவை விடமாட்டார்கள். சாதாரண நாளில் ஸ்டாண்டில் ஆண்கள் முந்திக்கொள்வார்கள். அக்காவின் வண்டி ஓடுவதே இந்த ஜப்பான் சவாரியால்தான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நீ கூட வந்து பாரு" என்றார் கடைசியில். "தப்பா ஓட்டுறனான்னு நீயே சொல்லு."

"வரேன். ஆனா பேசமாட்டேன்."

"யாரு, நீயா?" அக்கா சிரித்த சிரிப்பில் ஸ்டாண்டில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

புதன்கிழமை காலை அந்தச் சவாரி. பயணி, ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சிறிய உருவம், பெரிய தொப்பி. ஒரு மாதமாக, நான் வேலை பார்த்த அதே லாட்ஜில் தங்கியிருந்தார். நான் கூட வருவேன், பேசமாட்டேன், போனில் என்ன செய்கிறார் என்று பார்ப்பேன், பேச்சைப் பதிவு செய்வேன் என்று முன்பே சொல்லி, தாளில் கையெழுத்து வாங்கியிருந்தேன். போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. அடி அண்ணாமலைக் கோயிலில் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். அக்கா கொடுத்த வாழைப்பழத்தைச் சாப்பிட்டார். பதினொன்றே முக்கால் இருக்கும், வண்டியில் ஏறினார்.

அக்கா நேரே விட்டார்.

முதலில் அவர் கவனிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் போனைப் பார்த்தார். நீலக்கோடு பின்னால் போய்க்கொண்டிருந்தது, நாங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தோம். போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாம் வேறு எங்கேயாவது போகிறோமா?"

வாய் நிறையப் பதில் இருந்தது. மலை, சுற்று, அக்காவின் சட்டம், எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. நான் விழுங்கிவிட்டு,

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றேன்.

கலவரப்பட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அக்காவோ கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஏம்மா, பல்லு கில்லு வலிக்குதா? மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது" என்றார்.

குபேரலிங்கம் தாண்டியதும் ஆசிரியை செயலியைத் திறந்தார். வண்டிக்காரரைப் பற்றித் தெரிவிக்க ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினார். மூன்று வரிகள் வந்தன: வேகமாக ஓட்டினார், அதிகம் கேட்டார், வழி மாறிச் சென்றார். மூன்றையும் மெல்லப் படித்தார். விரல் மேலும் கீழும் போய் வந்தது. "நான் சொல்லவேண்டியது இதில் இல்லையே" என்று முணுமுணுத்தார். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் பெருமூச்சு விட்டு, மூன்றாவது வரியைத் தொட்டு, அனுப்பிவிட்டார்.

மூன்றாவது புகார். என் கண்ணெதிரே, என் முழங்கைக்குப் பக்கத்தில். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். முன்னால் அக்கா ஒன்றும் தெரியாமல், மாட்டு வண்டிக்காரர் ஒருவரிடம், "அண்ணே, ரோடு உனுக்கு மட்டும் எழுதி வச்சிக்கிறாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

லாட்ஜ் வந்தபோது மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. வாசலில் லாட்ஜ் சமையல்காரர் நின்றிருந்தார். ஆசிரியை இறங்கி, அவர் எதிரே போய், மூன்று முறை இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். சமையல்காரர் வெலவெலத்துப்போய், "அய்யோ, இன்னாங்கம்மா இது, சோறு எங்க ஓடிடப் போவுது" என்று தாமும் குனிந்தார். இருவரும் மாறி மாறிக் குனிந்ததைப் பார்த்து அக்கா, "யாரு காசைத் தொலைச்சிட்டுத் தேடறாங்க?" என்று என்னைக் கேட்டார்.

சாப்பாடு முடிந்த பிறகுதான் பேட்டி. இப்போது கேள்வி கேட்க எனக்கு அனுமதி உண்டு. ஏன் அந்த வரியைத் தொட்டீர்கள் என்று கேட்டேன்.

"சமையல்காரர் எனக்காகக் காரமில்லாமல் தனியாகச் சமைக்கிறார். விருந்தாளிகள் சாப்பிட்ட பிறகுதான் அவர் சாப்பிடுகிறார். பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். தாமதமாகும் என்று அவருக்குத் தெரிவிக்கவேண்டும். செயலியில் அதற்கு இடம் இல்லை. எதையாவது அழுத்தினால் நிறுவனம் கூப்பிட்டு விசாரிக்கும், அப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்."

"வண்டிக்காரர் சுற்றிப் போனது?"

"அழகாக இருந்தது. முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு மணி என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டு, நிம்மதியாக மலையைப் பார்த்துக்கொண்டே வந்திருப்பேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அதில்தான் வருத்தம்."

முந்தைய இரண்டு பேருக்கும் அன்றே எழுதிக் கேட்டேன். ஒருவர் பேருந்தைத் தவறவிட்டிருந்தார். இன்னொருவரின் தங்கை அறைச் சாவியில்லாமல் வெளியே காத்திருந்திருக்கிறார். சுற்றியதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. சொல்லாமல் சுற்றியதுதான் அவர்களுடைய குறை.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் மொட்டைமாடி அறையிலிருந்து டோக்கியோ குழுவுக்கு இதையெல்லாம் சொன்னேன். கீழே அம்மா, நான் பேசி முடிக்கும்வரை குக்கரை அடுப்பில் ஏற்றாமல் காவல் இருந்தார். ஆசிரியை முணுமுணுத்த அந்த ஒரு வரியைப் பதிவிலிருந்து போட்டுக்காட்டியபோது திரையில் இருந்த ஐந்து பேரும் முன்னால் சாய்ந்தார்கள். நான் பேசியது பத்து நிமிடம்தான். வாழ்க்கையில் அவ்வளவு குறைவாகப் பேசி அவ்வளவு பேரை நான் கேட்கவைத்ததில்லை.

வழிகாட்டி முடிவைச் சொன்னார். இந்த வண்டியில் ஏறுமுன், "இவர் மலையை முழுவதும் சுற்றியே திரும்புவார், இவ்வளவு நேரம் ஆகும், சம்மதமா?" என்று செயலி கேட்கும். தாமதம் தெரிவிக்கத் தனி இடம் வரும். மூன்றாவது புகாரை நீக்கலாம், ஆனால் அதற்கு ஆசிரியையே சம்மதித்து ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும். திங்கட்கிழமை பட்டியல் புதுப்பிக்கப்படும், அதற்குள் வேண்டும். இன்னொன்றையும் சொன்னார்.

"செயலி கேட்டால் மட்டும் போதாது. கிளம்புவதற்கு முன் ஓட்டுநரும் வாயால் சொல்லவேண்டும். அவர் சொல்வாரா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆசிரியை அன்று மாலை ஐந்து மணிக்குச் சென்னைக்குக் காரில் கிளம்புகிறார் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. தாளை அச்சடித்து வாங்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் அடி அண்ணாமலைக்கு ஓடினேன்.

ஓடிப் போய், ஈரத்துணியோடு நின்ற அக்காவிடம் புகார் எண்ணிக்கை, பட்டியல், செயலி, திங்கட்கிழமை என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். அதற்குத்தான் இட்லி பதில் வந்தது.

"இத்தினி வருஷமா ஓட்டுறேன். நான் இன்னா, கடத்திக்கினா போறேன்? சொல்லிட்டு சுத்துன்னா, இத்தினி நாளா திருட்டுத்தனமா சுத்துனேன்னு ஆவாதா?" அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "எடுத்துட்டா எடுத்துட்டுப் போறாங்க. விடும்மா."

"திருட்டுத்தனம்னு யாரும் சொல்லலக்கா. சமையல்காரர் பசியோட இருப்பாரேன்னுதான் அந்தம்மா தவிச்சிப் போய்ட்டாங்க."

"எந்த சமையக்காரரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. டோக்கியோவுக்குச் சொன்னதை அக்காவுக்குச் சொல்ல மறந்திருந்தேன். காரமில்லாத சமையல், விருந்தாளி சாப்பிட்ட பிறகு அவர் சாப்பிடுவது, வாசலில் அவர்கள் குனிந்து நின்றதற்கு என்ன அர்த்தம், எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த மனுசன் சாப்புடாம நின்னுக்கினு இருந்தாரா? நானு அவரைப் பாத்து சிரிச்சிட்டு வந்தனே!" அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "இதைச் சொல்றதை வுட்டுட்டு, லிஸ்டு, எண்ணிக்கைன்னு பேஜார் பண்ணிக்கினு இருந்த பாரு. நீயெல்லாம் இன்னா பேசக் கத்துக்கினியோ."

துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"ஏறு. கையெழுத்து வாங்கிக்கினு வரலாம்."

ஏறினேன். மணி மூன்றே முக்கால். வந்த வழியே போனால் பன்னிரண்டு நிமிடம். நான் வாயைத் திறக்குமுன் கண்ணாடியில் அக்காவின் கண்கள் என்னைப் பிடித்தன.

"திருப்பமாட்டேன். தெரியும் இல்ல?"

"தெரியும்க்கா."

"அவங்களுக்குப் போனைப் போடு."

போட்டேன். லாட்ஜ் வைஃபையில் ஆசிரியையின் குரல் வந்தது. நான் வணக்கம் சொல்லக்கூட விடாமல் அக்கா பின்னால் திரும்பி, போனைப் பிடுங்கி, வாய்க்கு நேரே வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமாகத் தமிழிலேயே சொன்னார்:

"டீச்சரம்மா, ஆட்டோக்காரி பேசறேன். கையெழுத்துக்கு உங்ககிட்டதான் வரோம். மலையைச் சுத்தித்தான் வருவோம். முக்கா மணி நேரம் ஆவும். அதுக்குள்ள டீ குடிக்கறதுன்னா குடிச்சிடுங்க. எங்களுக்காகக் காத்துக்கினு இருக்காதீங்க."

போனை என்னிடம் நீட்டினார். "நான் சொல்லிட்டேன். நீ புரியுற மாதிரி சொல்லு" என்றார். நான் முழுவதையும் ஜப்பானிய மொழியில் சொல்லி முடித்து, அந்தப் பக்கம் ஆசிரியை சரி என்று சொல்லும்வரை சாவியைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு வண்டியைக் கிளப்பி, மலையை வலது பக்கம் வைத்துக்கொண்டு, நேரே விட்டார்.